முதன்முதலாகப் பார்த்த பழைய படம்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

குளச்சல் மருமகள்

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வருஷமாக இங்கே வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மதியச் சாப்பாடும் முடிந்தபிறகு மாமியும் நானும் ‘செம்மீன்’ பார்த்தோம். 1965-இல் வந்த படம். எனக்கு 34 வயது, மாமிக்கு 68. இரண்டு பேருக்கும் முதல் தடவை. நான் பார்க்காமல் இருந்ததில் ஆச்சரியமில்லை. கோட்டாற்றில் பிறந்தவள், கல்யாணத்துக்குப் பிறகுதான் கடல் பக்கம் வந்தேன். மாமி பார்க்காததுதான் எனக்கு விளங்கவில்லை. அந்தப் படத்தின் பாட்டெல்லாம் அவருக்குத் தெரியும். ஊர்த் திருநாளுக்குத் தென்னையில் குழாய் கட்டிப் போட்டுக் கேட்ட பாட்டுகள். மீன் கழுவும்போது முனகுவார். படத்தை மட்டும் பார்த்ததில்லை.

முதல் அரைமணி நேரம் அவர் கதையைப் பார்க்கவே இல்லை. வள்ளத்தைத் தள்ளுகிறவர்களின் தோளைப் பார்த்தார், மீன் காயப்போட்டிருக்கும் மணலைப் பார்த்தார். “இம்புட்டு நெருக்கிப் போட்டா காயுமா?” என்று கேட்டார். அப்புறம் கருத்தம்மாவின் அப்பா செம்பன்குஞ்ஞு வந்தார். வள்ளமும் வலையும் வாங்க, கருத்தம்மா விரும்புகிற பரீக்குட்டியிடம் பணம் வாங்கிவிட்டு, மீன் வந்ததும் அவனுக்குக் கொடுக்காமல் ஏமாற்றுகிற இடத்தில் மாமிக்கு வந்த கோபத்தை நான் எதிர்பார்க்கவில்லை. கருத்தம்மாவும் பரீக்குட்டியும் பிரிகிறதை விட அந்தக் கடன்தான் அவரை அறுத்தது. முன்பணம் வாங்கிய வீட்டில் வளர்ந்தவர் அவர். பணம் கொடுத்தவர் வைத்ததுதான் மீனுக்கு விலை என்று பல தடவை சொல்லியிருக்கிறார். அதனால் அவர் கோபம் செம்பன்குஞ்ஞு பக்கம் நிற்கும் என்று நினைத்தேன். இல்லை. “வாங்கினா குடுக்கணும். அந்தப் பையன் பாவம்” என்றார்.

கடைசியில் கருத்தம்மாவைக் கட்டிய பழனி கடலில் போகிறான். கரையில் கருத்தம்மாவும் பரீக்குட்டியும் செத்துக் கிடக்கிறார்கள். நான் அழுதுவிட்டேன். மாமி அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒன்றே ஒன்று கேட்டார்: “அவன எதுக்கு ஒத்தைக்குக் கடலுக்கு விட்டானுவ?”

பெண்டாட்டியைப் பற்றி ஊரில் பேச்சு வந்ததால் கூட்டாளிகள் வள்ளத்தில் ஏற்றவில்லை, அதனால் தனியாகப் போனான் என்று சொன்னேன். படத்திலேயே வருகிறதே என்றேன்.

“அதாம்மா கேக்கேன். ஒத்தைக்கு விட்டவனுவதான அவனக் கொன்னானுவ. அவ என்ன செஞ்சா?”

நான் பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து இந்தப் படத்தைப் பற்றிக் கேட்ட எல்லாப் பேச்சும் கடலம்மா, கற்பு, சாபம் என்றுதான் இருந்தது. பெண்டாட்டி நெறி தவறினால் கடலுக்குப் போனவனைக் கடலம்மா கொண்டுபோய்விடுவாள் என்ற நம்பிக்கை. மாமி சொன்னதை ஒருத்தர்கூடச் சொல்லிக் கேட்டதில்லை. எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நீங்கள் பழைய படம் ஒன்றை முதல் தடவை பார்த்தபோது, கேள்விப்பட்டது ஒன்றும் கண்ணில் பட்டது வேறொன்றுமாக இருந்திருக்கிறதா?

வேளிமலை

நல்லா எழுதியிருக்கிறீர்கள் அம்மா. நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். ‘செம்மீன்’ தென்னாட்டுக்கு முதல் தங்கப் பதக்கத்தை, ஜனாதிபதியின் பதக்கத்தை, வாங்கித்தந்த படம். ராமு காரியாட் இயக்கம், மார்க்கஸ் பார்ட்லி ஒளிப்பதிவு, வங்காளத்திலிருந்து வந்த சலில் சௌத்ரி இசை. படத்துக்கு மூலமான தகழியின் நாவலைத் தமிழில் கொண்டுவந்தவர் நம் நாகர்கோவில் சுந்தர ராமசாமி. நான் முதலில் வாசித்தது அந்த மொழிபெயர்ப்பைத்தான்.

உங்கள் மாமியார் சொன்னது மனதைத் தொட்டது. ஆனால் படம் அப்படிச் சொல்லவில்லை என்பது என் கருத்து. கடைசிப் பகுதியை மறுபடி பாருங்கள். கருத்தம்மா பரீக்குட்டியைப் பார்க்கப் போகிறாள், வெட்டு. பழனி சுறாவோடு போராடுகிறான், வெட்டு. அவர்கள் சேருகிறார்கள், வெட்டு. சுழி அவனை இழுக்கிறது. படத்தொகுப்பில் ஹிருஷிகேஷ் முகர்ஜியின் கை இருக்கிறது. இரண்டையும் இப்படி அடுத்தடுத்து ஒட்டும்போது ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று பார்ப்பவர் மனம் தானாக முடிவு கட்டிவிடும். படம் அந்த நம்பிக்கையைக் கேள்வி கேட்கவில்லை. அதை நிரூபித்துக் காட்டுகிறது. அழகான படம்தான், ஆனால் அதன் அழகு ஒரு பெண்ணின் தலையில் பழியை வைக்கிறது. எனக்கு 1970-களில் பார்த்தபோதே அந்த வருத்தம் இருந்தது.

ஒட்டுப்பால்

நான் குலசேகரம் பக்கம். அக்காவின் கேள்விக்கு என் பதில் ‘பதேர் பாஞ்சாலி’. சத்யஜித் ராயின் முதல் படம், 1955. உலகத்தின் சிறந்த படங்களில் ஒன்று என்று சொல்லிச் சொல்லியே என்னைப் பார்க்கவிடாமல் ஆக்கிவிட்டார்கள். ஏதோ பரீட்சைக்குப் போகிற மாதிரி ஒரு பயம். நாற்பது வயதில், போன ஆனி மாதத்தில், மூன்று நாள் விடாத மழையில் ரப்பர் பால்வெட்டு இல்லாமல் வீட்டில் கிடந்தபோது பார்த்தேன்.

ரயில் காட்சியைத்தான் எல்லாரும் சொல்வார்கள். நாணல்பூக் காட்டில் அக்காவும் தம்பியும் ஓடுவது. அது அழகுதான். ஆனால் என்னைப் பிடித்தது அந்த மாலை.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுப் பாசிமணி மாலை காணாமல் போகிறது. துர்கா மேல் பழி. அம்மா அவளை முடியைப் பிடித்து இழுத்து அடிக்கிறாள். துர்கா எடுக்கவில்லை என்கிறாள். அப்புறம் மழையில் நனைந்து, காய்ச்சல் கண்டு செத்துப்போகிறாள். குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்பும்போது அப்பு பரணில் கைவிட்டு ஒரு சிரட்டையை எடுக்கிறான். உள்ளே மாலை. யாருக்கும் சொல்லவில்லை. குளத்தில் எறிகிறான். பாசி விலகி, மாலையை விழுங்கி, மறுபடி மூடிக்கொள்கிறது.

எங்கள் வீட்டில் ஒட்டுப்பால், அதாவது மரத்தில் ஒட்டிக் காய்ந்த ரப்பர் பால், உருட்டி வைத்திருந்ததில் இரண்டு உருண்டை காணாமல் போனது. எனக்கு ஏழு வயது. எடுத்தது நான். கடையில் கொடுத்து மிட்டாய் வாங்கித் தின்றேன். அடி வாங்கியது அக்கா. அவள் எடுக்கவில்லை என்று சொன்னபோது நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். முப்பத்திமூன்று வருஷம் அது எனக்கு நினைவிலேயே இல்லை என்று நினைத்திருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து திரும்பி வரும் அப்பா, மகளுக்கு வாங்கிவந்த சேலையை எடுத்து நீட்டுகிறார். அவள் செத்தது அவருக்குத் தெரியாது. அம்மா சேலையைப் பல்லால் கடித்துக்கொண்டு உடைந்து அழுகிறாள். அந்த அழுகை நமக்குக் கேட்பதில்லை. ராய் அவள் குரலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தார் ஷெனாய் என்ற வாத்தியத்தை வைத்திருக்கிறார். இசை ரவி சங்கர். வாத்தியம் என்று தெரிந்தும் என் அம்மாவின் குரலாகத்தான் கேட்டது.

படம் முடிந்ததும் மஸ்கட்டிலிருக்கிற அக்காவுக்குப் போன் செய்தேன். “எதுக்குலே இந்நேரத்துல விளிக்க?” என்றாள். சொல்ல வாய் வரவில்லை. சோறு தின்னாச்சா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

மெக்கானிக்கல் ரெண்டாம் வருஷம்

எல்லாரும் நல்ல அனுபவமாகச் சொல்கிறீர்கள். எனக்கு அப்படி அமையவில்லை, மனதில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். தாத்தா சொல்லிச் சொல்லி ‘பராசக்தி’ பார்த்தேன். நீதிமன்றக் காட்சியை மட்டும் துண்டு துண்டாக முன்பே பார்த்திருக்கிறேன். முழுப் படமாகப் பார்க்கும்போது எல்லாரும் என்னைப் பார்த்துக் கத்துகிற மாதிரி இருந்தது. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டித்தான் முடித்தேன். தாத்தாவிடம் நன்றாக இருந்தது என்று சொன்னேன், அது எனக்கே உறுத்துகிறது. உண்மையிலேயே இதில் என்ன இருக்கிறது என்று யாராவது விளக்கினால் மறுபடி பார்க்கத் தயார்.

ஒழுகினசேரி

தம்பி, உறுத்துகிறது என்றாயே, அது போதும். தாத்தாவிடம் போய் உண்மையைச் சொல்லு, அவர் கோபப்பட மாட்டார்.

1952-இல் அந்தப் படம் வந்தபோது ஜனங்கள் அதைப் பார்த்ததை விடக் கேட்டதுதான் அதிகம். கலைஞரின் வசனம் புத்தகமாக விற்றது, இசைத்தட்டாக ஒலித்தது. சிவாஜி நாடக மேடையிலிருந்து நேரே வந்தவர், அதுதான் முதல் படம். மேடையில் கடைசி வரிசை ஆளுக்கும் கேட்க வேண்டும். அந்தக் குரலைக் காதில் செருகுகிற கருவியில், அதுவும் ஒன்றரை வேகத்தில் கேட்டால் கத்தலாகத்தான் இருக்கும். ஒன்று செய். இரண்டே வருஷம் கழித்து, 1954-இல், அதே சிவாஜி நடித்த ‘அந்த நாள்’ பார். வீணை எஸ். பாலசந்தர் இயக்கியது. ஒரு பாட்டுகூடக் கிடையாது. தொடக்கத்திலேயே சிவாஜியைச் சுட்டுவிடுவார்கள். மற்றதை நான் சொல்ல மாட்டேன். இங்கே யாரும் தயவுசெய்து முடிவை எழுதிவிடாதீர்கள்.

என் கதை ‘நல்லதம்பி’. 1949. எங்கள் ஊர்க்காரர் கலைவாணர் என்.எஸ்.கே. படம். ஒழுகினசேரியில் பிறந்து வளர்ந்தவன் நான், ஆனால் ஐம்பது வயதுவரை அவர் படம் ஒன்றையும் முழுதாகப் பார்த்ததில்லை. நகைச்சுவைத் துணுக்குகள் மட்டும்தான். சிரிக்கலாம் என்று உட்கார்ந்தேன். கிந்தனார் காலட்சேபம் வந்தது. நந்தனார் கதையைச் சொல்கிற அதே கதாகாலட்சேப முறை, சப்ளாக்கட்டை, பின்பாட்டு எல்லாம் அப்படியே. ஆனால் நந்தன் கோயிலுக்குப் போக ஏங்கினான், கிந்தன் பள்ளிக்கூடத்துக்குப் போக ஏங்குகிறான். 

சிரித்துக்கொண்டே இருந்தவன் பாதியில் நிறுத்திவிட்டேன். கோயிலைச் சுற்றியிருக்கும் தெருவில் நடக்கும் உரிமைக்காக 1926-இல் சுசீந்திரத்தில் சத்தியாக்கிரகம் நடந்தது. அப்போது கலைவாணருக்குப் பதினேழு பதினெட்டு வயது. சுசீந்திரம் இங்கிருந்து எட்டி நடந்தால் போய்விடுகிற தூரம். 1936-இல்தான் திருவிதாங்கூரில் கோயில் கதவு எல்லாருக்கும் திறந்தது. அதையெல்லாம் கண்முன்னால் பார்த்த ஊர்க்காரர் பதின்மூன்று வருஷம் கழித்து ‘பள்ளிக்கூடத்துக்குப் போ’ என்று பாடுகிறார். அதுவும் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறையிலிருந்து வெளியே வந்து இரண்டே வருஷத்தில். இதை ஏன் எனக்கு யாரும் சொல்லவில்லை? தினமும் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டுதானே இந்த ஊரில் இருக்கிறோம்.

முட்டம் கலங்கரை

எங்கள் ஊரில் ‘அலைகள் ஓய்வதில்லை’ எடுத்தார்கள், ‘கடலோரக் கவிதைகள்’ எடுத்தார்கள். பிந்தையது 1986. அதில் ஒரு காட்சியில் அப்பா கூட்டத்தில் நிற்கிறார் என்று வீட்டில் சொல்வார்கள். அப்பா இறந்த பிறகுதான் முழுப் படத்தையும் முதன்முதலாகப் பார்த்தேன். கதை மனதில் ஏறவே இல்லை. சத்யராஜுக்கும் ரேகாவுக்கும் பின்னால் நிற்கிறவர்களையே தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. பாறைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. இன்னொரு தடவை கதைக்காகப் பார்க்க வேண்டும்.

தூத்தூர் தூண்டில்

குளச்சல் அக்கா, நான் ஆழ்கடலுக்குப் போகிறவன். எங்கள் பக்கத்து ஆட்கள் சுறாவுக்குப் பேர்போனவர்கள் என்று உங்களுக்குத் தெரியும். ‘செம்மீன்’ நான் பார்த்ததில்லை. நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் போனில் பார்த்தேன்.

மாமி சொன்னதுதான் சரி. பெரிய சுறா தூண்டிலில் மாட்டினால் உடனே இழுக்கக் கூடாது. கயிறை விட்டு, அது ஓடிக் களைக்கும்வரை காத்து, பிறகுதான் இழுக்க வேண்டும். கயிறைப் பார்க்க ஒரு ஆள், வள்ளத்தை அதன் போக்குக்குத் திருப்ப இன்னொரு ஆள் வேண்டும். ராத்திரியில், சின்ன வள்ளத்தில், ஒற்றை ஆளாக இரண்டையும் செய்ய முடியாது. சுழி வேண்டாம், கடலம்மா வேண்டாம், அந்த மீனே போதும் அவனைக் கொண்டுபோக.

வேளிமலை சாருக்கு ஒன்று சொல்கிறேன். நீங்கள் சொல்கிற வெட்டு எனக்கும் தெரிந்தது. ஆனால் கடலில் போகிறவன் கண்ணுக்கு முதலில் தெரிவது வள்ளத்தில் காலியாக இருக்கிற இன்னொரு இடம்தான்.

வேளிமலை

தம்பி, இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஐம்பது வருஷமாக அந்தக் காட்சியைப் பற்றிப் பேசுகிறேன், வகுப்பிலும் பேசியிருக்கிறேன். அந்த இடம் காலியாக இருப்பதை நான் பார்க்கவில்லை. படம் பழியைப் பெண் மேல் வைக்கிறது என்ற கருத்திலிருந்து நான் மாறவில்லை. ஆனால் படத்துக்குள்ளேயே அதற்கு எதிரான சாட்சியும் இருக்கிறது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அகஸ்தீசுவரம்

கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னியுங்கள். எனக்கு முதன்முதலாகப் பார்க்க ஆசையுள்ள பழைய படத்தை யாராலும் பார்க்க முடியாது. ‘விகதகுமாரன்’. மலையாளத்தின் முதல் படம், பேசாப் படம். எடுத்தவர் ஜே. சி. டேனியல், எங்கள் ஊர்க்காரர். நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் ஸ்டுடியோ வைத்து எடுத்தார். நாயகியாக நடித்த பி. கே. ரோசி ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். அவர் திரையில் நாயர் பெண்ணாக வந்ததைப் பொறுக்காதவர்கள் கலவரம் செய்து அவரை ஊரைவிட்டே விரட்டினார்கள். டேனியல் எல்லாவற்றையும் இழந்து, பல் மருத்துவம் பார்த்துப் பிழைத்து, 1975-இல் இங்கேதான் இறந்தார். கேரள அரசு 1992-இல் அவர் பெயரில் விருது தொடங்கியது. படச்சுருள் ஒன்றும் மிஞ்சவில்லை.

அதே காலத்து ‘மார்த்தாண்ட வர்மா’, 1933-இல் வந்தது, தயாரித்தவர் நாகர்கோவில் சுந்தர்ராஜ். அதன் சுருள் புனே ஆவணக் காப்பகத்தில் பிழைத்துக் கிடக்கிறது. அதன் சில நிமிஷங்களைப் பார்த்திருக்கிறேன். குதிரைகள், வாள், கட்டிய முடியோடு ஆட்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரோசியின் முகம் எப்படி அசைந்திருக்கும் என்றுதான் மனம் ஓடியது. ‘செம்மீன்’ கரையில் ஊர் ஒரு பெண்ணைப் பற்றிப் பேசியதைப் படித்ததும் இதைச் சொல்லத் தோன்றியது.

மெக்கானிக்கல் ரெண்டாம் வருஷம்

‘அந்த நாள்’ பார்த்துவிட்டேன். ஹாஸ்டலில் மூன்று பேர். முதல் பத்து நிமிஷத்தில் வேகத்தைக் குறைத்து ஒன்றில் வைத்துவிட்டேன். ஒவ்வொருவராக வந்து சொல்லச் சொல்ல யாரை நம்புவது என்றே தெரியவில்லை. முடிவை யாரும் கண்டுபிடிக்கவில்லை. தாத்தாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அடுத்த லீவில் ‘பராசக்தி’யை அவரோடு சேர்ந்து, அவர் சொல்கிற சத்தத்தில் பார்க்கப் போகிறேன். நன்றி அண்ணாச்சி.

குளச்சல் மருமகள்

எல்லாருக்கும் நன்றி. தூத்தூர் தம்பி எழுதியதை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு, தான் ஏன் அந்தப் படத்தை இதுவரை பார்க்கவில்லை என்று சொன்னார். இங்கே எழுதட்டுமா என்று கேட்டேன். எழுது என்றார்.

மாமியின் அப்பா கட்டுமரத்தில் போய்த் திரும்பவில்லை. மாமிக்கு அப்போது ஒன்பது வயது. உடல் கிடைக்கவில்லை. கொஞ்ச நாளில் கரையில் ஒரு பேச்சு வந்தது. அம்மா சந்தைக்கு மீன் கொண்டுபோகிற வழியில் யாரிடமோ நின்று பேசுவாள் என்று. அவ்வளவுதான். அதற்குமேல் யாரும் எதையும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. படமும் பாட்டும் ஊரெல்லாம் பரவிக்கொண்டிருந்த நேரம் அது. கடலுக்குப் போனவனை அவன் பெண்டாட்டியின் தவறுதான் கொண்டுபோகும் என்று சொல்கிற பாட்டு குழாயில் ஒலிக்கும்போது மாமியின் அம்மா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாராம். ‘அந்தப் படத்துக்கு என் பிள்ளைகள் போகக் கூடாது’ என்று சொல்லிவிட்டார். மாமி போகவில்லை. அம்மா செத்து இருபது வருஷமாகியும் போகவில்லை.

எங்கள் பக்கம் எல்லாரும் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். கடலம்மா கதையெல்லாம் இங்கே யாரும் நம்புவதில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். பேச்சுக்கு அந்த நம்பிக்கை தேவைப்படவில்லை.

2017-இல் ஓகி புயல் வந்தபோது என் கொழுந்தன் கடலில் இருந்தான். ஏழாம் நாள் கிடைத்தான். அந்த ஏழு நாளும் மாமி கரையில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைக்காக மட்டும் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் இருந்த இளம் பெண்கள் ஒவ்வொருத்தரின் கையையும் மாறி மாறிப் பிடித்துக்கொண்டிருந்தார், அது இப்போதுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

தம்பி, மாமி உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார். அவர் அப்பாவும் அன்றைக்கு ஒத்தைக்குத்தான் போனாராம். கட்டுமரத்தில் ஒற்றை ஆளாகப் போவது அந்தக் காலத்தில் வழக்கமா, இல்லை ஏதாவது காரணம் இருக்குமா?

தூத்தூர் தூண்டில்

அக்கா, மறுநாளே போட் கிளம்பிவிட்டது. இன்றைக்குத்தான் கரையேறினேன், அதனால்தான் தாமதம்.

மாமியிடம் சொல்லுங்கள்: சின்ன மரத்தில் ஒற்றை ஆள் பக்கத்துக் கடலுக்குப் போவது வழக்கம்தான் என்று எங்கள் தாத்தா சொன்னார். அவரும் போயிருக்கிறார். கூட்டாளிக்குக் காய்ச்சல் என்றால்கூட ஒத்தைக்குப் போவார்களாம், வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. அதில் வேறு காரணம் தேட வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். அவர் வயது 84.

கிளம்புவதற்கு முன்னால் முழுப் படத்தையும் போனில் இறக்கி வைத்திருந்தேன். ஒன்பதாம் நாள் ராத்திரி, தூண்டில் போட்டுவிட்டுக் காத்திருக்கிற நேரத்தில் பதினொரு பேர் உட்கார்ந்து பார்த்தோம். நீங்கள் எழுதியதை நான் யாருக்கும் சொல்லவில்லை. வள்ளம் தள்ளுகிற காட்சியில் ஒரே சத்தம், கேலி, பாட்டுக்குக் கூடப் பாடினார்கள். பழனியை வள்ளத்தில் ஏற்ற மாட்டோம் என்று கூட்டாளிகள் சொல்கிற இடம் வந்தபோது எல்லாரும் அடங்கிவிட்டார்கள். எங்களில் மூத்தவர் ஒருவர் எழுந்து பின்பக்கம் போய் இருட்டில் நின்றார். படம் முடிகிறவரை திரும்பி வரவில்லை. நான் கட்டஞ்சாயா கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.